தூங்க வைக்கும் பூ – ஹாப்ஸ்



போன லீவுல ஜெர்மனியிலிருந்து வந்த மாமா, எங்க பாட்டிக்கு ஒரு தேநீர் டப்பா கொண்டு வந்தார். ராத்திரி தூக்கம் வராதவங்களுக்கு நல்லதாம். டப்பா மேல் குட்டி அன்னாசி மாதிரி ஒரு பச்சைப் பூ. பெயர் ஹாப்ஸ். "மூலிகைதானே, குடிச்சா என்ன ஆகிடப் போகுது?" என்றார் பாட்டி. அவரோ ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால்தான் இதைத் தேடிப் படித்தேன்.

ஹாப்ஸ் ஒரு ஏறுகொடி. தாவரவியல் பெயர் ஹியூமுலஸ் லுபுலஸ். கஞ்சாச் செடியும் இதுவும் ஒரே குடும்பம்! (பயப்படாதீங்க, அந்தப் போதைப் பொருள் இதில் இல்லை.) ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ஹாலர்டாவ் பகுதி இதற்குப் பேர்போனது.

பெண்கொடியின் பூச்செதில்களைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அதுதான் லுபுலின். ஹியூமுலோன், லுபுலோன் என்ற கசப்பு அமிலங்கள் இதில்தான் இருக்கின்றன. இவை சில வகை பாக்டீரியாக்களின் சவ்வைக் கெடுத்துவிடும். பீர் கெடாமல் இருக்க ஹாப்ஸ் போடுவது அதனால்தான். (பீர் என்று எழுதியதற்கு சார் திட்டக்கூடாது, இது வேதியியல்!) கொதிக்க வைத்தால் ஹியூமுலோன் ஐசோஹியூமுலோனாக மாறுகிறது. இரண்டுக்கும் வாய்பாடு C₂₁H₃₀O₅ தான். ஆனால் ஆறு கார்பன் வளையம் ஐந்து கார்பன் வளையமாகச் சுருங்கிவிடுகிறது. நாம படிச்ச மாற்றியம் இதுதாங்க!

சரி, தூக்கம் எங்கிருந்து வருது? ஐரோப்பாவில் ஹாப்ஸ் பறிப்பவர்களுக்குக் கண் சொக்கும் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். உலர்ந்த பூவைத் தலையணையில் அடைத்தும் தூங்கியிருக்கிறார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் 2-மெத்தில்-3-பியூட்டீன்-2-ஆல் என்ற சிறிய ஆல்கஹாலைக் கண்டார்கள். வேடிக்கை என்னன்னா, பறித்த புதுப் பூவில் இது மிகக் கொஞ்சம். காயவைத்துச் சேமிக்கும்போது கசப்பு அமிலங்கள் சிதைந்துதான் இது கூடுகிறது. விலங்குகளுக்கு நிறையக் கொடுத்தபோது அவை மயங்கின. ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் வருவது துளியூண்டு. ஐரோப்பிய மருந்து அமைப்பும், லேசான மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் இதை நீண்டகாலப் பழக்கத்தின் பேரில்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது, சோதனைச் சான்றின் பேரில் அல்ல. கடையில் பெரும்பாலும் வலேரியன் வேரோடு கலந்துதான் விற்கிறார்கள்.

அப்போ ஒண்ணுமே செய்யாத பூவா? இல்லை. 1999-இல் ஹாப்ஸில் 8-பிரீனைல்நாரிஞ்செனின் என்ற பொருளை அடையாளம் கண்டார்கள். நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போலவே இது வேலை செய்கிறது. தாவரங்களில் இதுவரை கண்ட இந்த வகைப் பொருட்களில் மிக வலுவானவற்றுள் இதுவும் ஒன்று. ஹாப்ஸில் உள்ள இன்னொரு பொருளை நம் குடல் பாக்டீரியாவே இதுவாக மாற்றவும் செய்யும்! ஹார்மோன் சம்பந்தமான நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடவும் வாய்ப்பு உண்டு. ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தள்ளாடி விழுந்தால் பாட்டி எலும்பு என்ன ஆகும்?

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். "இவ்ளோ கசக்கும்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேனே" என்றார். டப்பா இப்போது அவருடைய மருந்துச் சீட்டுப் பையில் இருக்கிறது, அடுத்த முறை டாக்டரிடம் காட்ட.

– பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவி