சபுராளியின் சம்பளமும் நம் நாட்டு வருமான வரியும்



வளைகுடாவுக்கோ மலேசியா, சிங்கப்பூருக்கோ ஆள் போகாத வீடு நம் மஹல்லாவில் குறைவு. "வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கு இங்கே வரி உண்டா?" என்று பலரும் கேட்கிறார்கள். "கிடையவே கிடையாது" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது பெரும்பாலானோருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. நாள் கணக்கு

வருமான வரிக்கு ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த ஓராண்டில் ஒருவர் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதை வைத்தே சட்டம் முடிவு செய்கிறது. வேலைக்காக வெளிநாடு புறப்படும் இந்தியக் குடிமகனும், அங்கிருந்து விடுப்பில் வந்து போகிறவரும் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால், பொதுவாக அவர் 'வெளிநாட்டுவாழ் இந்தியர்'. அங்கே உழைத்து அங்கே பெற்ற சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அதைப் பிறகு ஊருக்கு அனுப்பினாலும் வரி இல்லை.

இந்தியாவில் வாடகை, வியாபாரம் ஆகியவற்றால் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு இந்த வரம்பு 120 நாளாகக் குறையலாம். அவர்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்வது நல்லது.

2. புறப்படும் ஆண்டில் கவனம்

ஒரு சகோதரர் ஜூன் 10 அன்று முதல் முறையாக துபாய் போகிறார். அந்த ஆண்டில் அவர் இங்கே இருந்தது 71 நாள். துபாய் சம்பளத்துக்கு வரி இல்லை. இன்னொருவர் நவம்பர் 10 அன்று போகிறார். அவர் கணக்கு 224 நாள். அந்த ஆண்டுக்கு அவர் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். நவம்பர் முதல் மார்ச் வரை துபாயில் வாங்கிய சம்பளத்தையும் இங்குள்ள வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். விசா கைக்கு வந்து, தேதியைத் தள்ளிப்போட வசதி இருப்பவர்கள் இதை மனதில் வைக்கவும்.

மலேசியா, சிங்கப்பூரில் வரி கட்டியவர், அதே சம்பளத்துக்கு இங்கேயும் வரி வந்தால், அங்கே கட்டியதற்குக் கழிவு கேட்கலாம். அதற்கு வரி கட்டிய சான்று வேண்டும்.

3. ஊர் திரும்பிய பின்

பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து நிரந்தரமாகத் திரும்பியவருக்குச் சட்டம் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு சலுகை தருகிறது. அதற்குப் பின் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அங்கே மூடாமல் விட்ட வங்கிக் கணக்கையும் வரிப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு.

4. வீட்டுக்கு அனுப்பும் பணம்

மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கு அனுப்பும் பணம் எவ்வளவானாலும் பெறுபவருக்கு வரி இல்லை. மாமா மருமகனுக்குக் கொடுத்தாலும் இல்லை. ஆனால் மருமகன் மாமாவுக்கு அன்பளிப்பாகத் தருவது இந்தப் பட்டியலில் வராது. நண்பர் தருவதும் அப்படியே. அத்தகைய அன்பளிப்புகள் ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகும்.

கணவர் பணத்தில் மனைவி பெயரில் கடை வாங்கி வாடகைக்கு விட்டால், அந்த வாடகை கணவரின் வருமானமாகவே கணக்கிடப்படும்.

5. உண்டியல் வேண்டாம்

கூடுதல் ரேட் கிடைக்கிறது என்று உண்டியலில் பணம் அனுப்புவது சட்டப்படி குற்றம். அதோடு ஒரு நஷ்டமும் உண்டு. பின்னாளில் வீடு கட்டும்போது "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று நோட்டீஸ் வந்தால் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. வியர்வை சிந்திச் சம்பாதித்த ஹலாலான பணம், கணக்கில் வராத பணமாகிக் கடுமையான வரிக்கு உள்ளாகும். வங்கி வழியாக வந்த பணத்துக்கு அந்த வங்கி ஏடே சாட்சி.

6. வட்டியும் ஜகாத்தும்

என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வருமான வரி இல்லை. அதனால் அந்த வட்டி ஹலாலாகிவிடாது. என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கோ வரி பிடிப்பார்கள். வரி கட்டியதால் ஜகாத் கடமை நீங்காது. வரி இல்லாத பணத்துக்கும், நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் ஜகாத் உண்டு. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

வீட்டில் ஒரு கோப்பு

பாஸ்போர்ட்டில் வந்த, போன முத்திரைப் பக்கங்களின் நகல், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சபுராளி அங்கே இருக்கும்போது கோப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம். நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.