போதை என்னும் நோய்

போதைக்கு அடிமையானோரை ஒழுக்கங்கெட்டோர் என உலகம் இகழ்கின்றது. அது பிழை, அவர்கள் நோயுற்றோர். நாளுக்கு நாள் நுகரும் அளவு மிகுதல், நிறுத்தினால் உடல் நடுங்குதல், உறக்கம் கெடுதல், தீமையை உணர்ந்தும் விட இயலாமை ஆகியவை அந்நோயின் அறிகுறிகள்.

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அத்துயர் பிற குடும்பங்களை அணுகாவண்ணம், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். அங்கே முதலில் மருந்தால் உடல் தேற்றப்படுகின்றது. பின்னர் அறிவுரையால் உள்ளம் திருத்தப்படுகின்றது. குடும்பத்தாருக்கும் வழி காட்டப்படுகின்றது. 1992இல் அவ்வம்மையார்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

பழகிய போதையை மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்துதல் சிலர்க்கு உயிருக்கே ஊறாகும். நாணி மறைத்தலோ நோயை வளர்க்கும். நகருக்கு அப்பால் திருமழிசை போன்ற ஊர்களில் வாழ்வோரும் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் உதவி பெறலாம். நோய் தீர்க்க முதல் மருந்து, நோயென ஒப்புக்கொள்ளலே.