மாரிகாலத்தில் காவல்நாயைப் பேணும் முறை

கமக்காரர் பலர் தம் வயலையும் தோட்டத்தையும் இரவிற் காத்தற்பொருட்டு ஒரு நாயையாவது வளர்த்து வருகின்றனர். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கட்டாக்காலி மாடுகளும் பயிருட் புகுமுன் குரைத்து எம்மை எழுப்புவது அந்நாயே. காலபோக நெல் குடலையாகிக் கதிர் தள்ளும் மார்கழி, தை மாதங்களில் அதன் வேலை மிகுதியாகும். வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் வாடையையும் கொண்டு வருவதும் அம்மாதங்களிலேயாம். ஆதலால், நாயின் உழைப்பு நமக்கு மிகத் தேவையான காலமே அதன் உடல்நலம் எளிதிற் கெடும் காலமாகவும் இருக்கின்றது.

“நம் நாட்டிற் பனிக்கட்டி பெய்வதில்லை, நாய்க்குக் குளிரால் என்ன வரும்?” என்று எண்ணுவோர் உளர். 2022 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாண்டஸ் புயல் வீசியபோது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் கடுங்குளிரால் மாண்டன. மழையில் நனைந்த உடலை இடைவிடாத குளிர்காற்றுத் தாக்கினால், உறைபனி இல்லாத நாட்டிலும் உயிருக்கு ஆபத்து நேரும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. மாட்டிலும் சிறிய உடலையுடைய நாய் இன்னும் விரைவில் வெப்பத்தை இழக்கும். மேலும், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்துள்ள நுவரெலியாப் பகுதியில், தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து மரக்கறிப் பயிரைக் கருக்குவதை அப்பகுதித் தோட்டக்காரர் நன்கு அறிவர்.

1. குளிர் தாக்கும் விதம்

நலமான நாயின் உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இவ்வெப்பத்தைக் காப்பது மயிர்களுக்கிடையே தங்கிநிற்கும் காற்றாகும். எமது நாட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் மயிர் குட்டையானது. அதன்கீழ் அடர்ந்த மென்மயிரும் குறைவு. வெப்பமான நாட்டிற்கு இது பொருத்தமே. ஆயினும், அம்மயிர் நனைந்துவிட்டால் காற்றுக்கு இடமின்றித் தோலோடு ஒட்டிக்கொள்கின்றது. நீர் உலரும்போது உடலின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கின்றது. ஈரநிலத்திற் படுத்தால் அடிவயிற்றின் வழியாகவும் வெப்பம் இழக்கப்படும். ஆகவே, ஈரம், காற்று, வெறுநிலம் ஆகிய மூன்றையும் விலக்குவதே நாயைக் குளிரினின்று காக்கும் முதல் வழியாகும்.

2. படுக்கையிடம்

மழை தொடங்குமுன்பே நாய்க்கு ஒரு சிறு கூடு அமைத்துவிடுதல் வேண்டும். நடுத்தர அளவுடைய நாட்டு நாய்க்கு 3 அடி நீளமும் 2 அடி அகலமும் 2½ அடி உயரமும் போதும். கூடு பெரிதாயின் நல்லதென்று எண்ணற்க. நாய் தன் உடல்வெப்பத்தாலேயே கூட்டைச் சூடாக்குகின்றது. இடம் கூடினால் அச்சூடு நில்லாது. பழைய பலகை, கமுகஞ் சலாகை, கிடுகு, பனையோலை ஆகியவை கொண்டு செலவின்றி இதனை அமைக்கலாம்.

அடித்தளம் நிலத்தினின்று 6 அங்குலமாவது உயர்ந்திருத்தல் அவசியம். மரக்குற்றிகளையோ செங்கற்களையோ கீழே வைத்து உயர்த்தலாம். வாயிலைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக வைத்தல் வேண்டும். மாரியில் வாடை வீசும் இடங்களில் அது தென்மேற்கு நோக்கியிருப்பது நன்று. வாயிலடியில் 4 அங்குல உயரமுள்ள ஒரு பலகையை அறைந்தால் படுக்கை வெளியே சிந்தாது. தூவானமும் உள்ளே புகாது.

படுக்கைக்கு வைக்கோலைப் போன்றது பிறிதில்லை. அதனுள் காற்றுத் தங்குவதால் வெப்பம் நிலைக்கும். கோடையிற் காய்ந்த வைக்கோலில் இரண்டொரு கட்டை மழைபடாத இடத்தில் இதற்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அரையடிக் கனத்துக்குப் பரப்பி, வாரம் ஒருமுறையும் நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள். சாக்கு ஒருமுறை நனைந்தால் நீரைப் பிடித்துக்கொண்டு எளிதில் உலராது. ஆதலாற் சாக்கை மட்டும் விரித்துவிடுதல் போதாது. பசளையோ பீடைநாசினியோ இருந்த பைகளை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

நாயை வரப்பருகே கட்டிவிட்டு வீடு திரும்பும் வழக்கம் சிலரிடம் உண்டு. இரவில் வெள்ளம் ஏறினால் கட்டிய நாய்க்குத் தப்ப வழியில்லை. காவற்குடிலில் ஆள் தங்காத இரவில் நாயையும் வீட்டிற்கு அழைத்து வருதலே முறை.

3. உணவு

உடலைச் சூடாக வைத்திருக்க நாய்க்குக் கூடுதலான உணவு தேவை. வெளியிற் படுத்துக் காவல் காக்கும் நாய்க்கு வழக்கமான உணவிலும் காற்பங்கு வரை கூட்டிக் கொடுக்கலாம். சோற்றை மட்டும் கூட்டாது, அவித்த மீன், மீன்தலை, முட்டை, இறைச்சித் துண்டு ஆகியவற்றில் இயன்றதைச் சேர்த்தல் வேண்டும். இராக்காவலுக்குப் போகுமுன் இளஞ்சூடான உணவு கொடுப்பது சிறந்தது. குளிர்காலத்திலும் தூய குடிநீர் என்றும் அருகிலிருத்தல் வேண்டும். இன்றேல் நாய் வயல்நீரைக் குடிக்கும்.

வெங்காயச் செய்கையாளர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும் இயல்புடையவை. ஆதலால் வெங்காயம் மிகுந்த கறி மிச்சத்தைச் சோற்றுடன் பிசைந்து கொடுத்தல் ஆகாது. சமைத்த கோழியெலும்பும் சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

4. உடலைப் பேணல்

மழையில் நனைந்து வந்த நாயைப் படுக்கவிடுமுன் பழைய துணியால் நன்கு துடையுங்கள். வயிற்றையும் கால்விரல் இடுக்குகளையும் மறவாதீர்கள். சேறு விரலிடுக்கிற் காய்ந்தாற் புண்ணாகும். குளிப்பாட்டுவதாயின் வெயிலுள்ள நாளில் நண்பகலுக்கு முன் குளிப்பாட்டி, மாலைக்குள் முற்றாக உலரச் செய்தல் வேண்டும். மழைநாளிற் குளிப்பாட்டற்க.

உண்ணியையும் தெள்ளையும் ஒழிக்கப் பயிருக்குத் தெளிக்கும் பீடைநாசினியை நாயின்மேற் பூசுவது பெருந்தவறு. நாய் உடலை நக்குவதால் நஞ்சு வயிற்றுட் சென்று இறக்க நேரிடும். அதனைத் தடவும் பிள்ளைகளுக்கும் தீங்கு வரும். மண்ணெண்ணெயும் தோலை எரிக்கும். நாய்க்கென்றே உள்ள மருந்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

வயலில் எலியின் சிறுநீர் கலந்த நீரால் எமக்கு வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். காய்ச்சல், வாந்தி, உணவை மறுத்தல், கண்வெள்ளை மஞ்சளாதல் ஆகியன அதன் குறிகளாகலாம். நோயுற்ற நாயின் சிறுநீரால் அந்நோய் மனிதருக்கும் பரவும். ஆகவே இக்குறிகள் தோன்றினால் நாயை வெறுங்கையாற் கையாளாது, உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

5. குட்டிகளும் முதிய நாய்களும்

பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டிகள் தம் உடல்வெப்பத்தைத் தாமே காக்கும் ஆற்றலற்றவை. தாயின் அணைப்பும் காய்ந்த படுக்கையுமே அவற்றுக்கு உயிர். மாரியில் ஈன்ற நாயை வீட்டுத் தாழ்வாரத்திற்கோ கொட்டிலுக்கோ மாற்றி, காவல் வேலையினின்று விலக்கிவிடுங்கள். முதிய நாயையும், நோயுற்று மெலிந்த நாயையும் இரவில் வெளியே விடலாகாது. குளிர் தாளாத நாய் அடுப்புச் சாம்பலிற் போய்ப் படுக்கும். உள்ளே தணல் இருப்பின் தோல் வெந்துவிடும். ஆதலால் சமையல் முடிந்தபின் அடுப்படியை மறைத்து வையுங்கள்.

6. குளிர் கண்டபோது செய்ய வேண்டியவை

நாய் நடுங்குதல் முதற் குறி. பின்னர் அது சுருண்டு கிடக்கும், அழைத்தால் எழாது, காதும் கால்களும் சில்லிட்டிருக்கும். நடுக்கம் நின்றுவிட்டது கண்டு தேறிவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். நாய் சோர்ந்து கிடக்க நடுக்கம் மட்டும் நின்றால் அதுவே மிகவும் ஆபத்தான நிலையாகும்.

அ. காற்றுப்படாத இடத்திற்கு உடனே தூக்கிச் செல்லுங்கள்.
ஆ. ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள், வலிந்து தேய்க்காதீர்கள்.
இ. உலர்ந்த போர்வையாற் சுற்றுங்கள். போத்தலில் இளஞ்சூட்டு நீர் நிரப்பித் துணியாற் சுற்றி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வையுங்கள்.
ஈ. தீயின் அருகே கிடத்தாதீர்கள். உணர்வு குன்றிய தோல் வேகுவதை நாய் அறியாது.
உ. சாராயம் பருக்காதீர்கள். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, எஞ்சிய வெப்பத்தையும் வெளியேற்றும்.
ஊ. தலைநிமிர்ந்து விழுங்கும் நிலைக்கு வந்தபின் இளஞ்சூடான கஞ்சி சிறிது சிறிதாகக் கொடுங்கள். அந்நிலைக்கு வராவிடின் தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.

7. மாரிக்கு முன் செய்ய வேண்டியவை

வெள்ளத்தால் வழிகள் மறிபடுமுன், விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது ஏற்றுவித்தல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கூட்டின் கூரையை வேய்ந்து, வைக்கோலை ஒதுக்கி, இரண்டு பழைய துணிகளையும் எடுத்து வைத்தால் ஆயத்தம் முடிந்தது. இதற்கு அரைநாள் வேலையே ஆகும். ஓரிரவிற் பன்றிக் கூட்டம் உழக்கும் வயலின் பெறுமதியை எண்ணிப் பார்ப்பவர் இவ்வேலையைப் பளுவென்று கருதார். மழையிலும் இருளிலும் உமக்காக விழித்திருக்கும் உயிருக்கு உலர்ந்த படுக்கையொன்று கொடுத்தல் உமது கடமையுமாகும்.