மருத்துவப் பாடம்: கைக்குக் கொடுக்கும் பயிற்சி மூளையைக் காக்குமா?



"நேற்றுக் கை மரத்துப்போயிற்று, வாய் குழறியது, 10 நிமிடத்தில் சரியாகிவிட்டது" என்று சொல்லும் நோயாளிகளை நாங்கள் காண்கிறோம். சரியாகிவிட்டதே என்று வராமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் தடைப்பட்டு மீண்டும் ஓடும்போது இப்படி நேரிடுகிறது. இது தற்காலிகப் பக்கவாதம். சிகிச்சை பெறாவிட்டால் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு 3 மாதங்களுக்குள் முழுமையான பக்கவாதம் வரக்கூடும். அவற்றில் பாதி, முதல் 2 நாட்களிலேயே வந்துவிடுகிறது.

இவர்களைக் காக்க ஓர் எளிய முறை ஆராயப்பட்டு வருகிறது. 1986-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், நாய்களின் இருதய இரத்தக் குழாயை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்துவிட்டார்கள். இப்படி 4 முறை செய்தபின் 40 நிமிடம் அடைத்தார்கள். பழக்கப்பட்ட இருதயத்தில் ஏற்பட்ட சேதம், பழக்கப்படாததில் நான்கில் ஒரு பங்கே. 1993-ல் வெளியான ஆய்வில், இருதயத்தின் ஒரு பகுதியைப் பழக்கினால் மறுபகுதியும் காக்கப்படுவது தெரிந்தது. பின்னர் கையையே பழக்கிப் பார்த்தார்கள். இரத்தத்தின் வழியாகவும் நரம்புகளின் வழியாகவும் அந்தப் பாதுகாப்பு தூரத்து உறுப்புகளைச் சேர்வதாகக் கருதப்படுகிறது. ஓர் அவயவத்தின் பாடு மற்றொன்றுக்கு நன்மையாவதைக் காணும்போது, சரீரத்தைக் குறித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது நம் நினைவுக்கு வருகிறது.

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் போன்ற ஒன்றைக் கையில் கட்டி, 200 மில்லிமீட்டர் அளவுக்குக் காற்றடைத்து, 5 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்துகிறார்கள். இதை 5 முறை செய்கிறார்கள்.

பலன் என்ன? மூளை இரத்தக் குழாய் சுருங்கியதால் பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ கண்ட 3,033 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் 16.9 சதவீதம் பேருக்கும், பெயரளவில் பட்டை கட்டப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும் பக்கவாதம் வந்தது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தை வைத்துப் பலன் உறுதி என்று சொல்ல முடியாது. 2023-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், பக்கவாதம் கண்டவர்களுக்கு ஆம்புலன்ஸிலேயே இதைத் தொடங்கியும் பலன் தெரியவில்லை. ஆகவே யாரும் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

உறுதியானது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 2007-ல் வெளியான ஆய்வில், தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கியபோது, அடுத்த 3 மாதங்களில் மீண்டும் பக்கவாதம் வரும் ஆபத்து ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகிய சாதாரண மருந்துகளே அந்தச் சிகிச்சை. உங்கள் காணிக்கைகள் இத்தகைய மருந்துகளாகவே ஏழைகளைச் சென்றடைகின்றன.

முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது உடனே சரியானாலும், அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும். இதை உங்கள் வீட்டாருக்கும் சபையாருக்கும் சொல்லுங்கள். இந்த ஆராய்ச்சிகளுக்காகவும் எங்கள் நோயாளிகளுக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.