விளையாட்டிலும் பொய்யாமை

குழந்தை கேட்கும் கேள்விக்குப் பெற்றோர் தரும் விடையே அதற்கு முதற் பாடமாகும். அவ்விடை எத்தன்மையதாதல் வேண்டும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அணுசக்தி நகரில் வளரும் நம் பிள்ளைகள் பனிக்கட்டியை அறிவர். வீட்டுக் குளிர்ப்பெட்டியிலும், செம்பூர் வீதியில் சீவித் தரும் பர்ஃப் கோலாவிலும் அதைக் கண்டிருக்கின்றனர். ஆனால் புல்லின்மேல் வெண்பனி படிந்து கிடக்கக் கண்டாரில்லை. மும்பை சாந்தாகுரூசில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 செல்சியஸ் பாகைதான். அது 1962 ஜனவரி 22இல் நேர்ந்தது. நீர் உறைதற்கோ வெப்பம் பூச்சியத்திற்கு இறங்குதல் வேண்டும்.

பொங்கல் விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும் ஒரு குடும்பம், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திற்கும் போய் வருவதாகக் கொள்வோம். அங்கு விழுவது இமயத்தில் பொழியும் பனியன்று, உறைபனி. பொழிபனி மேகத்தில் உருவாகி இறங்குவது. உறைபனியோ, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில், நிலம் மிகக் குளிர்ந்தவிடத்து, காற்றிலுள்ள நீராவி புல்லின்மீது படிகமாய்ப் படிவது.

விடியற்காலையில் தந்தை தம் நான்கு வயது மகளைக் கம்பளியிற் போர்த்துப் புல்வெளிக்கு அழைத்துச் செல்கின்றார். இருவரும் பனியைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் சேர்க்கின்றனர்; ஒருவர்மேல் ஒருவர் தூவிச் சிரிக்கின்றனர். சிறிது நேரத்தில் வெயில் ஏறுகின்றது. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் நீரே எஞ்சுகின்றது. “அப்பா, என் பனி எங்கே?” என்று கேட்டுக் குழந்தை அழத் தொடங்குகின்றது.

இவ்விடத்தில் நாம் வழக்கமாகச் சொல்வன எவை? “காக்கை தூக்கிப் போய்விட்டது” என்போம். “பம்பாய்க்குப் போனதும் இதைவிடப் பெரிதாக வாங்கித் தருகிறேன்” என்போம். அழுகை நில்லாவிடின், “பூச்சாண்டி வருவான்” என்போம். இவை அன்பினாற் சொல்வனவே, ஆயினும் பொய்யே.

மஜ்ஜிம நிகாயத்தில் அம்பலட்டிகா ராகுலோவாத சூத்திரம் என்று ஒன்று உளது. அப்போது ராகுலருக்கு வயது ஏழு என்பது உரைமரபு. மைந்தரைக் காணச் சென்ற பகவான், கால் கழுவிய பாத்திரத்தில் கொஞ்சம் நீரை எஞ்சவிட்டார். அறிந்தே பொய் சொல்ல நாணாதவரின் துறவு இந்நீரளவே சிறிது என்று அதனைக் காட்டினார். பின் அந்நீரைக் கொட்டிக் காட்டினார்; பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார்; நிமிர்த்தி அதன் வெறுமையையும் காட்டினார். விளையாட்டுக்கேனும் பொய் சொல்லாதிருக்கப் பழகுக என்பதே அவர் தந்த பயிற்சி. பிக்குகளும் இல்லறத்தாரும் இடையறாது கேட்டுச் சிந்திக்க வேண்டுமென அசோக மன்னர் பைராட் கல்வெட்டிற் குறித்த ஏழு உரைகளுள், பொய்யைப் பற்றி ராகுலருக்குக் கூறிய இவ்வுரையும் ஒன்று.

பகவான் கையில் எடுத்தது அருகிலிருந்த சிறிதளவு நீர். நம் தந்தையின் கிண்ணத்திலும் சிறிதளவு நீர் இருக்கின்றது. அவர் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலை அந்நீரில் தோய்த்து, “இதுதான் அம்மா உன் பனி. குளிர் இருந்தது, பனி ஆயிற்று. வெயில் வந்தது, நீர் ஆயிற்று. நாளைக் காலையும் பார்ப்போம், வரினும் வரும், வராமலும் போகும்” என்று சொல்லலாம். காரணம் உளதாயின் காரியம் உளது, காரணம் நீங்கின் காரியமும் நீங்கும் என்னும் தம்மம் இதில் முழுதும் அடங்கும். அநித்தியம் என்ற சொல்லை அப்போது உரைக்க வேண்டுவதில்லை. குழந்தை இன்னும் சிறிது அழும், அழட்டும். தந்தையின் மடி இருக்கின்றது. தந்தையின் சொல் பொய்க்காது என்ற உறுதி பனியோடு உருகுவதன்று.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் பொய்யுரையேன் என்பதும் ஒன்று. பிறப்பினாலே தாழ்ந்தவர் என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லப்பட்டதும் ஒரு பொய். சிறு வயதிலேயே சொல்லப்பட்டமையால் அதனை மெய்யென நம்பினோர் எத்தனை பேர்! அப்பொய்யை உதறி வந்த நாம், நம் வீட்டுத் தொட்டிலருகே வேறொரு பொய்யை வளர்த்தல் தகுமோ? ‘ஏன்?’ என்று கேட்கவும், மெய்யான விடை பெறவும் உரிமையுள்ளது என்றறிந்து வளரும் குழந்தையை எவரும் எளிதில் ஏய்த்தல் இயலாது.

சிந்தனைக்கு:

1. சென்ற ஒரு வாரத்தில் குழந்தையின் அழுகையை அடக்க நாம் சொன்ன பொய்கள் எத்தனை?

2. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனிடத்தில் சொல்லியிருக்கத்தக்க மெய்ம்மொழி யாது என வீட்டார் கூடி ஆராய்க.

நமோ புத்தாய.