அன்னாளின் கண்ணீரும் மறைந்திருக்கும் காசநோயும்

வேதபாடம்: 1 சாமுவேல் 1:1-20



சீலோவில் அன்னாள் சத்தமின்றி ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவள் உதடுகள் அசைவதை மாத்திரம் பார்த்தான். குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான். அவள் வாய் திறந்து தன் மனத்துயரைச் சொன்ன பின்பு, அந்த முடிவை விட்டு அவளை ஆசீர்வதித்தான். கேளாமல் சொன்ன தீர்ப்பு தவறாயிற்று. கேட்டபின் வந்த வார்த்தை ஆறுதலாயிற்று. மருத்துவ ஊழியத்திற்கும் இது நல்ல பாடம்.

பிள்ளையில்லாத சகோதரிகளை நம்முடைய ஊர்களில் "மலடி" என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர் இந்த அதிகாரத்தையே எடுத்து, கர்த்தருடைய தண்டனை என்கிறார்கள். ஆனால் அன்னாள் பாவம் செய்ததாக இந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பிள்ளைப்பேறு தடைபடுவதற்கான காரணங்களில், பலரும் கேள்விப்படாத ஒன்று இனப்பெருக்க உறுப்புகளில் வரும் காசநோய்.

1. இது எப்படிப்பட்ட நோய்?

காசநோய் என்றால் இருமல் என்றே நினைக்கிறோம். பெரும்பாலும் நுரையீரலில் நுழையும் கிருமி, சிலருக்கு இரத்தத்தின் வழியாகக் கருக்குழாய்களைச் சென்றடைகிறது. அங்கே பல ஆண்டுகள் அடங்கியிருந்து, நாட்பட்ட அழற்சியை உண்டாக்குகிறது. குழாய் தடித்து, தழும்பேறி, அடைபடுகிறது. பலருக்குக் கருப்பையின் உட்சவ்வும் கெடுகிறது. அடிவயிற்று வலி, மாதவிடாய் குறைதல் அல்லது நின்றுபோதல் ஆகியவை அடையாளங்கள். சிலருக்குப் பிள்ளையில்லாமையைத் தவிர வேறு அடையாளமே இராது. இருமல் இல்லாமலும், மார்பு எக்ஸ்ரே சரியாகவும் இருக்கலாம். இது நடத்தைக் கேட்டினால் வருகிற நோயல்ல.

2. கண்டுபிடிப்பது ஏன் கடினம்?

இவ்விடத்தில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகையால் ஒரே ஒரு பரிசோதனையை நம்பி முடிவு சொல்ல முடியாது. உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கிறார்கள். அதன் மரபணுவைத் தேடுகிறார்கள். தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி மூலம் குழாய்களை நேரில் காண்கிறார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் பரிசோதனைகள் தவறான முடிவு தந்ததால், இந்திய அரசு 2012-ல் அவற்றைத் தடைசெய்தது. கணவனையும் சேர்த்தே பரிசோதிப்பது அவசியம். குறை பெண்ணிடத்தில்தான் என்று எண்ணுவது ஏலியின் அவசரத்திற்கு ஒப்பானது.

3. சிகிச்சை உண்டா?

உண்டு. சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படும் கிருமியானால் ஆறு மாதச் சிகிச்சை போதும்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நுரையீரல் நோயாளிகளிடையே ஒரு பெரிய உண்மையைக் காட்டியது: மருந்தைத் தவறாமல் உட்கொண்டால், சானடோரியத்தில் கிடக்காமல் வீட்டிலிருந்தே குணமடையலாம். அன்று முதல் மருந்தை முடிப்பதே முக்கியம் என்றாயிற்று. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மாத்திரைகள் இலவசம். சத்துணவுக்கென்று வழங்கப்படும் உதவித்தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் துணுக்குப் பரிசோதனை, லேப்ராஸ்கோப்பி, பஸ் கட்டணம், இழந்துபோகும் நாட்கூலி ஆகியவை ஏழைக் குடும்பத்திற்குப் பாரமே. உங்கள் காணிக்கைக்கு வேலை இருப்பது இங்கேதான்.

4. குணமும் சமாதானமும்

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மருந்து கிருமியைக் கொல்லும். தழும்பேறிய குழாயைப் பழைய நிலைக்குத் திருப்புவது அரிது. சீக்கிரம் கண்டுபிடித்தால் நம்பிக்கை அதிகம். உட்சவ்வு கெடாதிருந்தால் சோதனைக்குழாய் முறை சிலருக்கு உதவுகிறது. சிலருக்குப் பிள்ளை கிடைப்பதில்லை. அவர்களுக்குப் பொய்யான வாக்குறுதி கொடுக்க எந்தப் போதகருக்கும் உரிமையில்லை.

18-ம் வசனத்தைக் கவனியுங்கள். அன்னாளின் துக்கமுகம் மாறியது சாமுவேல் பிறந்த பிறகல்ல. அவள் கர்ப்பவதியாவதற்கு முன்பே. தன் துயரத்தைத் தேவசமுகத்தில் ஊற்றினாள். ஒரு மனிதன் கடைசியில் காதுகொடுத்தான். அவள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள். பிள்ளை பிறந்தாலும் பிறவாவிட்டாலும், இந்தச் சமாதானத்தை நம் சகோதரிகளுக்குச் சபை கொடுக்கமுடியும்.

சிந்திக்க:
1. பெனின்னாளைப்போல வார்த்தையால் யாரையாவது விசனப்படுத்துகிறோமா?
2. பிள்ளையில்லாத தம்பதியர் நம் சபையில் கூச்சமின்றி உட்கார முடிகிறதா?

ஜெபிக்க:
ஆறு மாதமும் மருந்தைத் தவறவிடாதிருக்கும் பெலனுக்காகவும், மனைவியோடு உடன்நிற்கும் கணவர்களுக்காகவும், பொறுமையோடு கேட்கும் மருத்துவர், தாதியர்களுக்காகவும் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்