கேம் நடுவில் ஹேங் ஆகுதா? முதலில் நோட்டு, அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர்

கேமிங் பிசி அடிக்கடி ஹேங் ஆகுது என்று யாரிடம் சொன்னாலும் மூணு பதில்தான் வரும். "ஃபார்மேட் அடிச்சுப் பாரு." "கிராபிக்ஸ் கார்டு போயிருச்சு." "எஸ்எம்பிஎஸ்ஸை மாத்து." மூணுமே சில நேரம் சரியாக இருக்கும். ஆனா மூணுமே யூகம். ஃபார்மேட் அடிச்சா ஒரு நாள் போகும். எஸ்எம்பிஎஸ் மாத்தினா சில ஆயிரம் போகும். கிராபிக்ஸ் கார்டு என்றால் வீட்டில் ஒரு மாசச் சம்பளமே போகலாம். அதுக்கப்புறமும் ஹேங் ஆச்சுன்னா அப்பா அம்மாகிட்ட திரும்பப் போய் நிக்கணும். அதே மெஷின்ல நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டும் ஓடுது என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கட்டுரையின் பாடம் ஒன்றே ஒன்றுதான். ஹேங் என்பது நோய் இல்லை, அறிகுறி. காய்ச்சல் மாதிரி. "ஏன் வருது" என்று கேட்பதற்கு முன்னாடி "எப்போ வருது" என்று கேட்கணும். அந்தப் பதில் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சிருச்சு.

உதாரணத்துக்கு ஒரு மெஷினை எடுத்துக்குவோம். சாத்தூரில் இருக்கிற என் சித்தி பையனுடையது. ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ். முதலில் 8 ஜிபி ராம் ரெண்டு இருந்தது. அப்புறம் வேற பிராண்டில் இன்னும் ரெண்டு 8 ஜிபி வாங்கிப் போட்டான். ஏப்ரல் மாசத்திலிருந்து ஹேங். கடையில் ரெண்டு தடவை ஃபார்மேட் ஆச்சு. மூணாவது தடவை "கார்டை மாத்திருங்க" என்று சொல்லிட்டாங்க. மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டைம் கேட்டோம்.

1. எந்த மாதிரி ஹேங்?

எல்லாத்தையும் "ஹேங்" என்று ஒரே பேரில் சொல்கிறோம். உள்ளே நாலு வகை இருக்கு.

முதல் வகை: படம் அப்படியே நிக்கும், சத்தம் "ட்ர்ர்ர்" என்று ஒரே இடத்தில் சிக்கிக்கும், கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தினா லைட் மாறாது. ஆபரேட்டிங் சிஸ்டமே செத்துப் போச்சு என்று அர்த்தம். ராம், பிராசசர், மதர்போர்டு பக்கம் சந்தேகம் போகணும்.

ரெண்டாவது வகை: படம் மட்டும் நிக்கும், பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், கேப்ஸ் லாக் லைட் மாறும். சிஸ்டம் உயிரோட இருக்கு. கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவரைப் பாருங்க. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அழுத்தினா கிராபிக்ஸ் டிரைவர் ரீசெட் ஆகும். படம் திரும்ப வந்தா சந்தேகம் உறுதியாகுது.

மூணாவது வகை: சில செகண்ட் நின்னு, தானாகவே சரியாகிடும். பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி பதில் சொல்லத் தாமதிக்குது.

நாலாவது வகை: ஹேங்கே இல்லை, பட்டென்று அணைஞ்சு ரீஸ்டார்ட் ஆகுது. கரண்ட், எஸ்எம்பிஎஸ், அல்லது எல்லை மீறிய சூடு.

சாத்தூர் மெஷின் முதல் வகை. இந்த ஒரு கவனிப்பிலேயே கிராபிக்ஸ் கார்டு மேல இருந்த சந்தேகம் குறைஞ்சது. முழுசா போகலை, குறைஞ்சது.

2. நோட்டு போடுங்க

ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் போதும்: தேதி, மணி, என்ன ஓடிக்கிட்டு இருந்தது, ஆன் பண்ணி எத்தனை நிமிஷம், பிராசசர் மற்றும் கார்டின் சூடு, எந்த வகை ஹேங். சூட்டைப் பார்க்க எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கு. அதில் லாக்கிங் போட்டுவிட்டா ஹேங் ஆவதற்குக் கொஞ்சம் முன்னாடி வரை உள்ள அளவுகள் ஃபைலில் பதிஞ்சிருக்கும்.

கூடவே விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைப் பாருங்க. இங்கே எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கு. "கேர்னல் பவர் 41" என்று சிவப்பில் தெரிஞ்ச உடனே "பவர் சப்ளை போச்சு" என்று முடிவு கட்டிடுவாங்க. அது அப்படிச் சொல்லலை. "போன தடவை நான் முறையா ஷட் டவுன் ஆகலை" என்று மட்டும்தான் சொல்லுது. ஹேங் ஆன மெஷினை நாமே பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சாலும் அதே 41 வரும். அதுக்கு முன்னாடி என்ன பதிவாகியிருக்கு என்பதுதான் முக்கியம். "டபிள்யூஎச்இஏ லாகர்" இருந்தா ஹார்டுவேர் பிழை. "டிஸ்ப்ளே 4101" இருந்தா கிராபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் நின்னு மீண்டிருக்கு. "டிஸ்க் 153" அல்லது "129" இருந்தா சேமிப்பகம். எதுவுமே இல்லாமல் வெறும் 41 மட்டும் என்றால், எழுதி வைக்கக்கூட நேரமில்லாமல் சிஸ்டம் நின்னுருக்கு.

ஒரு வார நோட்டில் ஒன்பது ஹேங் வந்தது. ஒன்பதும் மதியம் 1 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் நடுவில். காலையில் ரெண்டு மணி நேரம் கேம் ஆடினாலும் ஒன்னும் ஆகலை. ஒன்பதில் ரெண்டு, கேமே இல்லாமல் வீடியோ பார்க்கும்போது. லாகில் வெறும் 41.

3. சூடு: நம்ம ஊர்க் கணக்கு

காய்ஞ்ச வெயில்தான் சாத்தூர், சிவகாசி பக்கம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சோறு போடுது. கம்ப்யூட்டருக்கு அதே வெயில் ஆகாது. காரணம் எளிமையானது. ஃபேன் வைத்த கூலர் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. ஒரு லோடில் பிராசசர் அறையை விட 45 டிகிரி அதிகமா இருக்கும் என்றால், 28 டிகிரி அறையில் அது 73. மே மாசம் மாடி அறையில் 40 டிகிரி இருந்தா 85. மெஷின் மாறலை, அறை மாறியிருக்கு. இணையத்தில் குளிர்நாட்டுக்காரர் போடுகிற டெம்பரேச்சர் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஆனா கவனிங்க: இன்றைய பிராசசர் சூடானா நேரா ஹேங் ஆகாது. முதலில் வேகத்தைக் குறைச்சுக்கும். அதுக்கும் அடங்கலைன்னா அணைஞ்சிரும். அதனால "சூட்டில் ஹேங்" என்றால், வேகத்தைக் குறைச்சுத் தன்னைக் காப்பாத்திக்கத் தெரியாத ஏதோ ஒரு பாகம் சூட்டில் தடுமாறுது என்று யோசிக்கணும்.

செலவில்லாத சோதனை ஒன்று: கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழட்டி, டேபிள் ஃபேனை அதைப் பார்த்து வைங்க. ஹேங் ஆகிற நேரம் தள்ளிப் போனா, சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. சாத்தூர் மெஷினில் மூணு நாள் மதியம் ஹேங்கே வரலை. கதவை மூடின அன்னைக்கு வந்துருச்சு.

தூசியையும் சொல்லணும். கரிசல் தூசி மாவு மாதிரி நைஸ். ஃபில்டரில் ஒரு படலமா ஒட்டிக்கும். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கங்க. தாறுமாறா சுத்த விட்டா பேரிங் கெடும்.

4. கரண்ட்

அணைஞ்சு ரீஸ்டார்ட் ஆகிறவங்க இந்தப் பகுதியை முதலில் பாருங்க. நம்ம சப்ளை 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட். கரண்ட் போனா ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் தாக்குப் பிடிப்பது சுமார் 16 மில்லிசெகண்ட்தான். வீட்டு இன்வெர்ட்டரில் "நார்மல்", "யுபிஎஸ்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தா பேட்டரிக்கு மாற எடுக்கிற நேரம் இதைவிட அதிகம். லைட்டும் ஃபேனும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. கரண்ட் போகும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது என்றால் முதலில் அந்த சுவிட்சைப் பாருங்க.

கேபினெட்டைத் தொட்டா "சுர்" என்று இழுக்குதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பாடியை இணைக்கும். எர்த் இல்லாதப்போ பாடியில் சுமார் பாதி வோல்டேஜ், அதாவது 115 வோல்ட் வரை காட்டும். கரண்ட் ரொம்பக் கம்மிதான். இருந்தாலும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்க.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்கும் திறக்காதீங்க. 230-ஐ ரூட் 2-ஆல் பெருக்கினா 325. பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே கெபாசிட்டரில் அவ்வளவு டிசி வோல்டேஜ் நிக்கலாம். சந்தேகம் என்றால் நண்பனுடைய எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாள் கடன் வாங்கி மாத்திப் பாருங்க. ஒரு விஷயம்: மாடுலர் என்றால் அதன் கேபிளையும் சேர்த்து மாத்தணும். வேற மாடலின் கேபிளைச் செருகினா பின் மாறிப் போய் எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் எரியலாம்.

5. ராம்: எங்கள் விடை இருந்த இடம்

ராம் பெட்டியில் "3200" என்று போட்டிருந்தா, பல நேரம் அது எக்ஸ்எம்பி ஆன் பண்ணினா கிடைக்கிற வேகம். எக்ஸ்எம்பி என்பது ஒரு வகை ஓவர்கிளாக். ரைசன் 5000 வரிசையில் ரெண்டு ராம் போட்டா ஏஎம்டி உறுதி சொல்கிற வேகம் 3200. நாலு ஸ்லாட்டும் நிரம்பினா அது 2933 அல்லது 2667-ஆகக் குறையுது. அதிலும் ரெண்டு பிராண்டைக் கலந்தா யாரும் உறுதி தர மாட்டாங்க. ஓடலாம், ஓடாமலும் போகலாம்.

சூடு இங்கேதான் வருது. டிராம் என்பது குட்டிக் குட்டி கெபாசிட்டர்கள். சார்ஜ் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால 64 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எல்லாத்தையும் புதுப்பிக்கணும். சூடு ஏறினா கசிவும் ஏறும். 85 டிகிரியைத் தாண்டினா ரெண்டு மடங்கு வேகமா புதுப்பிக்கணும் என்று டிடிஆர்4 தரநிலையே சொல்லுது. ஏற்கெனவே நூலிழையில் ஓடுகிற ராமுக்கு, சூடு அந்த நூலையும் அறுத்துவிடும்.

சோதிக்க மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு பூட் பண்ணுங்க. இதில் ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ரெண்டு எரர்தானே" என்ற பேச்சே இல்லை. ராத்திரி ஓட விட்டோம், பூஜ்ஜியம். அங்கேயே நிறுத்தியிருந்தா "ராம் நல்லாருக்கு" என்று எழுதியிருப்போம். ஆனா நோட்டு மதியம் என்று சொல்லுதே! மதியம் 2 மணிக்கு, கதவை மூடி, அதே சோதனை. நாற்பது நிமிஷத்தில் சிவப்பு வரிகள். புது ராம் ரெண்டையும் கழட்டிட்டு மறுபடி மதியம்: பூஜ்ஜியம். நாலையும் போட்டு எக்ஸ்எம்பி ஆஃப்: அதுவும் பூஜ்ஜியம்.

ஆக கார்டில் எந்தக் கோளாறும் இல்லை. எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணி, சுவரோடு ஒட்டியிருந்த கேபினெட்டை ஒரு சாண் தள்ளி வச்சாச்சு. செலவு பூஜ்ஜியம்.

(ராமைத் தொடும் முன் பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுக்கங்க. காய்ஞ்ச காற்றில் உடம்பில் ஸ்டாட்டிக் சுலபமா ஏறும்.)

6. பெரிய கம்பெனிக்கும் இதே பாடம்

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் கதை தெரியுமா? சில கேம்கள் திறக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். அந்த வரியைப் படிச்சா யாராக இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்படுவாங்க. ஆனா கார்டில் மெமரி தாராளமா இருந்தது. குற்றவாளி பிராசசர். 2024 ஜூலையில் இன்டெல், மைக்ரோகோடு தப்பான வோல்டேஜ் கேட்பதால் பிராசசருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போகுது என்று ஒத்துக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. பாக்ஸ் பிராசசர்களுக்கு வாரன்டியும் 2 வருஷம் கூடியது. ஆனா ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் சரி செய்யாது, மாத்தித்தான் ஆகணும். உங்ககிட்ட அந்தத் தலைமுறையின் ஐ7, ஐ9 இருந்தா இன்னைக்கே பயாஸ் வெர்ஷனைப் பாருங்க.

எஸ்எஸ்டிக்கும் ஒரு கதை உண்டு. குருசியல் எம்4 என்ற மாடல் மொத்தம் 5184 மணி நேரம் ஓடி முடிச்ச பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஹேங் ஆனது. காரணம் ஃபர்ம்வேர் பிழை. 2012 ஜனவரியில் திருத்தம் வந்தது. "சரியா ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை" என்பதைக் கவனிச்சவங்களுக்குத்தான் அது தற்செயல் இல்லை என்று புரிஞ்சிருக்கும்.

7. வரிசை

காசு செலவாகாததிலிருந்து தொடங்குங்க. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரெண்டை மாத்தினா எது குணமாக்கியது என்று தெரியாது.

அ) ஹேங் வகை, ஒரு வார நோட்டு, ஈவென்ட் வியூவர்.
ஆ) முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப். டிஸ்க் சந்தேகம் இருந்தா இதுதான் முதல் வேலை.
இ) தூசி, கதவைத் திறந்து ஃபேன் சோதனை.
ஈ) எக்ஸ்எம்பி, ஓவர்கிளாக் எல்லாம் ஆஃப்.
உ) மெம்டெஸ்ட்86, ஹேங் ஆகிற அதே நேரத்தில், அதே சூட்டில்.
ஊ) கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டி நிலை, ஃபர்ம்வேர்.
எ) கிராபிக்ஸ் டிரைவரை முழுசா நீக்கி மறுபடி போடுதல். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் 80 சதவீதம். அப்போ ஹேங் நின்னா, கார்டின் சூடு அல்லது எஸ்எம்பிஎஸ்.
ஏ) பயாஸ் அப்டேட். நடுவில் கரண்ட் போகாத நேரமாப் பாருங்க. மெயின்டனன்ஸ் ஷட் டவுன் அறிவிச்ச நாளில் வேண்டவே வேண்டாம்.
ஐ) கடன் வாங்கின எஸ்எம்பிஎஸ், கடன் வாங்கின கார்டு.
ஒ) இவ்வளவுக்கும் பிறகுதான் ஃபார்மேட், புதுப் பாகம்.

கடைசியில் கடைக்கே போக வேண்டி வந்தாலும் அந்த நோட்டுப் பக்கத்தைக் கையோடு கொண்டு போங்க. "ஹேங் ஆகுதுண்ணே" என்று சொல்கிறவனுக்கு ஃபார்மேட்தான் கிடைக்கும். "மதியம் மட்டும், சத்தம் சிக்கி, கேப்ஸ் லாக் லைட்டும் மாறாம நிக்குதுண்ணே, லாகில் 41 மட்டும்தான் இருக்கு" என்று சொன்னா, அந்த அண்ணனும் நின்னு யோசிப்பார்.